விதையோடு வரும் பூசணம்: இனங்காணலும் உயிர்வழிக் கட்டுப்பாடும்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் முதலில் எதிர்ப்படும் ஊர் ரிங்லெட். 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதிக்கு வந்து குறிப்பெழுதினார், 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்ட நிறுவனத்தைத் தொடங்கினார். தேயிலைத் தொழிலுக்கென வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் இங்கே வாழ்கின்றனர். தேயிலையைப் பற்றி நம் மக்கள் நிறையப் பேசியும் எழுதியும் உள்ளனர். ஆயினும் ரிங்லெட்டையும் பெர்த்தாம் பள்ளத்தாக்கையும் இன்று காண்பவர் கண்ணில் முதலில் படுவது தேயிலைப் பச்சை அன்று. நெகிழிக் கூரையிட்ட காய்கறித் தோட்டங்களின் வெண்மையே. முட்டைக்கோசும் தக்காளியும் குடைமிளகாயும் சாவிக் கீரையும் இங்கிருந்து சமவெளி நகரங்களுக்கும் சிங்கப்பூருக்கும் செல்கின்றன.

இவற்றுள் முட்டைக்கோசைப் பற்றிய ஒரு செய்தியை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுதல் நலம். இம்மலையில் விளையும் முட்டைக்கோசு இம்மலையில் விதை தருவதில்லை. அச்செடி பூப்பதற்கு வாரக்கணக்கில் நீடிக்கும் கடுங்குளிர், அதாவது ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்கும் கீழான குளிர், தேவைப்படுகிறது. கேமரன் மலையின் குளிர் நமக்குப் போர்வை தேடும் அளவுக்குப் போதுமானது, முட்டைக்கோசுக்குப் போதாது. நீலகிரிக்கும் நுவரெலியாவுக்கும் இதே குறைதான். ஆகவே தோட்டக்காரர் விதைப்பது குளிர்நாடுகளில் விளைந்து, உறையிலோ தகரக் குவளையிலோ அடைபட்டுக் கடல் கடந்து வரும் விதை. அவ்விதை எந்த வயலில் விளைந்தது, அவ்வயலில் எந்நோய் இருந்தது என்பதை ரிங்லெட்டில் நாற்று வளர்ப்பவர் அறிய வழியில்லை. விதையோடு வேறோர் உயிரும் வந்திருந்தால் அதனைக் குழித்தட்டில் நாற்றுகள் சாயும்போதுதான் அவர் காண்கிறார்.

மொழியியல் பயின்ற நாம் பயிர்நோயியற் பொருளொன்றை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வேளாண்மைக் கலைச்சொற்களை ஒப்பிட்டு நோக்கியபோது ஒன்று தெளிவாயிற்று. இத்துறையில் ஒன்றுக்குப் பல பெயர் வழங்குதல் சிறு தொல்லையே. பலவற்றுக்கு ஒரே பெயர் வழங்குதலே பெருந்தொல்லை. விதையின்மேல் பச்சையாகவோ கருமையாகவோ எது படர்ந்தாலும் அதற்கு ஒரே பெயரிட்டு ஒரே கொல்லியைத் தெளிப்பது வழக்கமாகியுள்ளது. அப்பெயருக்குள் பயிரைக் கொல்வதும் உண்டு, ஒன்றும் செய்யாததும் உண்டு, பயிரைக் காப்பதும் உண்டு. இவற்றைப் பிரித்தறியும் முறையையும், அறிந்தபின் கைக்கொள்ளத்தக்க உயிர்வழிக் கட்டுப்பாட்டையும் இவ்வுரையில் விளக்க முயல்வோம்.

முதலில் சொற்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பூஞ்சை என்கின்றன. அங்குள்ள வேளாண் கையேடுகள் பூசணம் என்றும் பூஞ்சாணம் என்றும் எழுதுகின்றன. இலங்கைப் பாடநூல்களில் இதுவே பங்கசு. மலேசியத் தமிழர் காதில் நாள்தோறும் விழும் மலாய்ச் சொல் குலாட். இவ்வைந்தும் ஒரே உயிர்க்குலத்தைக் குறிப்பனவே. இவ்வுரையில் நாம் பூசணம் என்னும் சொல்லை ஆள்கிறோம். பூசணக்கொல்லி, பூசண இழை எனத் தொடர்ச்சொற்கள் அமைக்க அது எளிதாக இடம் தருகிறது.

இன்னொரு சொல்லில் சற்றே நிற்க வேண்டியுள்ளது. பூசணம் இனம்பெருக்க உதிர்க்கும் நுண்துகளைத் தமிழ்நாட்டு நூல்கள் சில வித்து என்கின்றன. வித்து என்பது விதைக்கும் பெயராதலால், ‘வித்தின்மேல் வித்து’ என்றெழுத நேரும்; மாணவர் குழம்புவர். இலங்கையார் அதனை வித்தி என்று வேறுபடுத்தினர். ஒரே ஓர் உயிரெழுத்தை மாற்றி ஒரு பெருங்குழப்பத்தைத் தீர்த்த அந்த அமைப்பை நாம் பெரிதும் மதிக்கிறோம். இனி விதை என்பது செடியின் விதை. வித்தி என்பது பூசணத்தின் துகள்.

வீட்டில் ஊறுகாய் கெட்டால் ‘பூத்துவிட்டது’ என்பர். அவ்வழக்கு எவ்வளவு நுட்பமானது என்பது உருப்பெருக்கியில் பார்த்தால் விளங்கும். பூசணத்தின் உடல் பொருளுக்குள் ஓடும் மெல்லிழைகளே. அவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெளியே நிறத்தோடு தோன்றுவது வித்திகளைத் தாங்கிய பகுதி. செடியைப் பூவைக் கொண்டு இனங்காண்பதைப் போலவே பூசணத்தையும் அது பூத்த நிலையில்தான் இனங்காண இயலும். வெறும் வெள்ளிழையைக் கண்டு பெயர் சொல்பவரை நம்புதல் வேண்டா.

இனி, பூசணம் விதையில் எங்கே இருக்கிறது என்பது அது எது என்பதற்கு நிகரான கேள்வி. விதையோடு கலந்த காய்ந்த இலைத்துணுக்கிலோ மண்துகளிலோ இருக்கலாம். விதையுறையின் மேற்பரப்பில் வித்தியாக ஒட்டியிருக்கலாம். உறைக்குள் இழையாக உறங்கலாம். அதனையும் கடந்து முளைக்கருவைச் சென்றடைந்திருக்கலாம். மேலே ஒட்டியதைக் கழுவலாம். உறைக்குள் உறங்குவதைக் கழுவ இயலாது. கருவுக்குள் சென்றதை விதையைக் கெடுக்காமல் வெளியேற்றுதல் மிகக் கடினம். இம்மூன்றுக்கும் ஒரே மருந்து இருக்க முடியாது.

ஆங்கில நூல்களைத் தமிழாக்குவோர் அடிக்கடி ஒன்றாக்கிவிடும் இரு கருத்துகளையும் இங்கே பிரித்துரைத்தல் வேண்டும். விதையில் இருத்தல் வேறு. விதைவழியே புதுச்செடிக்குக் கடத்தப்படுதல் வேறு. விதையின்மேல் காணப்படும் பூசணங்கள் எல்லாம் நாற்றுக்கு நோய் தருவன அல்ல. ஆகவே முன்னதை ‘விதையுறை பூசணம்’ என்றும் பின்னதை ‘விதைவழிப் பரவும் பூசணம்’ என்றும் எழுதலாமோ என எண்ணினோம். விதையுறை என்பது தோலையும் குறிப்பதால் முதற்சொல் பொருந்தவில்லை. ‘விதைவாழ் பூசணம்’ என்பதே இப்போதைக்கு நம் தேர்வு. ஆசிரியர்கள் இதனினும் நல்லதைக் கண்டால் மகிழ்ச்சியே.

விதைவழியே நோய் பரவும் என்பதை மனிதர் சோதனையால் நிறுவியது 1755இல். பிரான்சில் மத்தியூ டில்லே என்பார் கோதுமைக் கரிப்பூட்டை நோயின் கருந்தூளை நல்ல விதைகளில் தடவி விதைத்தார்; தடவாத விதைகளையும் அருகே விதைத்தார். தூள் தடவியவற்றில் நோய் மிகுந்தது. அத்தூள் ஓர் உயிரின் வித்தி என்பதையும் செப்புக் கரைசல் அதன் முளைப்பைத் தடுக்கும் என்பதையும் 1807இல் பெனடிக்ட் பிரெவோ காட்டினார். விதைச் சோதனைக்கான பன்னாட்டுச் சங்கம் 1924இல் தோன்றியது. விதைநோயியல் தனித்துறையாக வளரும் நாடுகளுக்குச் சென்றதில் டென்மார்க்கின் பால் நீர்கார்டுக்குப் பெரும்பங்கு உண்டு. 1967இல் கோபன்கேகனில் தொடங்கிய, வளரும் நாடுகளுக்கான விதைநோயியல் நிறுவனத்தை அவர் நடத்தினார். அவரது பெருநூல் 1977இல் வெளிவந்தது.

இனங்காணும் முறைகளுள் பழையதும் எளியதும் ஒற்றுத்தாள் முறை. மை உறிஞ்சும் தாளை வட்டமாக வெட்டி மூன்று அடுக்காக்கி, காய்ச்சி ஆறிய நீரில் நனைத்து, மிகுநீரை வடியவிட்டு, 9 சென்றிமீட்டர் அகலமுள்ள மூடித்தட்டில் இடுவர். அதன்மேல் விதைகளை ஒன்றோடொன்று தொடாதபடி வைப்பர். முட்டைக்கோசு, மிளகாய் போன்ற சிறுவிதையாயின் தட்டுக்கு 25: வெளிவட்டத்தில் 16, உள்வட்டத்தில் 8, நடுவில் 1. அவரை, பயறு போன்ற பெருவிதையாயின் 10. தட்டை 20 பாகையை ஒட்டிய வெப்பநிலையில் ஏழு நாள் வைத்து, எட்டாம் நாள் உருப்பெருக்கியின்கீழ் ஒவ்வொரு விதையாக நோக்குதல் வேண்டும். ஆய்வகங்களில் 12 மணி நேரம் புறஊதாவை ஒட்டிய ஒளியும் 12 மணி நேரம் இருளும் மாறி மாறித் தருவர். அம்மாற்றம் பல பூசணங்களை வித்தி தோற்றுவிக்கத் தூண்டுகிறது.

சமவெளிப் பள்ளிக்கு இதில் தடையாக இருப்பது வெப்பநிலை. கோலாலம்பூரிலோ மதுரையிலோ குளிரூட்டும் அடைகலம் இன்றி இச்சோதனையைச் சரியாகச் செய்ய இயலாது. ரிங்லெட்டில் வகுப்பறை அலமாரியே அடைகலம். சன்னலோரத்துப் பகலொளி ஆய்வக விளக்குக்கு ஈடாகாது எனினும் மாணவர் கற்கப் போதுமானது. இம்மலைப் பள்ளிகளுக்கு இயற்கை தந்துள்ள இவ்வாய்ப்பை யாரேனும் பயன்படுத்துகின்றனரா என்று வினவத் தோன்றுகிறது.

ஒரு சிறு தடை எழும். விதைகள் முளைத்து எழுந்து மூடியை முட்டும், வேர்கள் பின்னிக்கொள்ளும், எந்தப் பூசணம் எந்த விதைக்குரியது என்று தெரியாது போகும். இதற்கு இருவழி உண்டு. ஆய்வகத்தார் களைக்கொல்லியாகிய 2,4-டி சிறிதளவு கலந்த நீரில் தாளை நனைத்து முளைப்பைத் தடுப்பர். பள்ளிக்கு ஏற்றது மற்றொன்று: விதைகள் ஓரிரு நாள் நீருண்டபின் தட்டை ஓரிரவு உறைகுளிரில், அதாவது −20 பாகையளவில், வைத்து எடுப்பது. நீருண்ட கரு மடிந்துவிடும். பூசணம் பெரும்பாலும் பிழைத்து, மடிந்த விதையையே உணவாக்கிச் செழித்துப் பூக்கும். வீட்டுக் குளிர்பெட்டியின் உறைபகுதி இதற்கு ஏறத்தாழ ஈடுகொடுக்கும்.

பூசணம் எங்கே இருக்கிறது என்பதையும் இதே முறையால் ஓரளவு அறியலாம். ஒரே பொதியிலிருந்து எடுத்த விதைகளை இரு பங்காக்கி, ஒரு பங்கை 1 விழுக்காட்டுச் சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசலில், அதாவது நீர்த்த வெளுப்பானில், சில நிமிடம் இட்டுக் கழுவியும் மறு பங்கைக் கழுவாமலும் தட்டிலிட வேண்டும். கழுவாத தட்டில் மட்டும் தோன்றுவது மேற்பரப்பில் இருந்தது. இரண்டிலும் தோன்றுவது உள்ளே இருப்பது. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு தெளிவான விடை தரும் சோதனைகள் அறிவியலில் மிகுதியாக இல்லை.

எத்தனை விதை வேண்டும்? விதைச் சோதனையில் பொதுவாக வழங்கும் எண் 400. ஏன் 100 போதாது என்பதைக் கணக்கு ஆசிரியர் காட்டலாம். பொதியில் நூற்றுக்கு ஒரு விதை நோயுற்றது எனக் கொள்வோம். அதிலிருந்து 100 விதையை எடுத்தால் ஒன்றுகூட நோய்விதை அகப்படாமல் போகும் வாய்ப்பு 0.99ஐ 100 முறை பெருக்கிய தொகை; அது ஏறத்தாழ 37 விழுக்காடு. மூன்று முறைக்கு ஒருமுறைக்கும் மேல் ‘நோயில்லை’ என்று பொய்விடை கிடைக்கும். 400 எடுத்தால் அவ்வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கும் கீழ் இறங்குகிறது. முட்டைக்கோசின் கருந்தாள் நோயைத் தேடும்போது 400ம் போதாதெனக் கருதி 1,000 விதை எடுப்பர். ஆயிரத்தில் ஒன்று இருந்தாலும் நாற்றங்காலில் நீர் தெறித்து அது பல நாற்றுகளுக்குப் பரவிவிடும்.

எட்டாம் நாள் காண்பவை எவை? முட்டைக்கோசு விதையில் அடிக்கடி காணப்படுவது ஆல்டர்நேரியா பிராசிசிகோலா. விதையைச் சுற்றிப் புகைக்கரி படிந்தது போன்ற கருமை; உருப்பெருக்கினால் வித்திகள் ஒன்றன் நுனியில் ஒன்றாகக் கோத்த சரமாகத் தெரியும். இதன் நெருங்கிய உறவான ஆல்டர்நேரியா பிராசிக்கேயின் வித்திகள் பெரும்பாலும் தனித்து நிற்கும்; நீண்ட அலகு போன்ற நுனி உண்டு. இரண்டும் வளர்ந்த செடியில் வளைய வளையமான கரும்புள்ளிகளைத் தோற்றுவிப்பன. கருந்தாள் நோய்க்குரிய போமா லிங்கம் இழையாலன்றி உருண்டைகளால் தன்னைக் காட்டும்: விதையின்மேல் ஊசிமுனையளவு கருமணிகள், அவற்றின் வாயிலிருந்து ஊதாச் சாயலுடன் கசியும் வித்திக் குழம்பு.

மிளகாய் விதையில் தேடவேண்டியது கொலட்டோட்ரைக்கம். பழ அழுகலும் நுனிக்கருகலும் இதன் வேலை. மிளகாயில் வரும் ஒரு வகையின் வித்திகள் அரிவாள் வடிவின. அவற்றினிடையே கருமுட்கள் விறைத்து நிற்கும். ஃபியூசேரியம் வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் பஞ்சுபோல் படரும். அதன் பெரிய வித்திகள் படகு வடிவில் குறுக்குச் சுவர்களோடு இருக்கும். ஆஸ்பெர்ஜில்லசும் பெனிசிலியமும் பெரும்பாலும் வயலில் ஏறியவை அல்ல. ஈரம் காத்த கிடங்கில் ஏறியவை. இவை மிகுந்திருந்தால் குற்றம் விதையை விளைவித்தவரிடம் அன்று, சேமித்தவரிடம் என்று கொள்ளலாம். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இம்மலையில், ஒருமுறை திறந்த விதைக் குவளையைச் சமையலறை அடுக்கில் வைப்பது இவற்றை அழைப்பதற்கு ஒப்பாகும்.

நாற்றழுகலைப் பற்றி ஒரு சொல். நாற்றின் கழுத்து நைந்து சாய்ந்தவுடன் விதையைக் குறைகூறுதல் எளிது. ஆயினும் பித்தியம், ரைசோக்டோனியா ஆகியவை பெரும்பாலும் மண்ணிலிருந்தும் அழுக்கான தட்டிலிருந்தும் வருவன. அவற்றுள் பித்தியம் உயிர்மரபின்படி பூசணமே அன்று. பழுப்புப் பாசிகளின் கிளையைச் சேர்ந்தது. முட்டைக்கோசின் வேர்முடிச்சு நோயும் மண்வழி நோயே. ஒற்றுத்தாள் சோதனையில் விதை தூயதெனத் தெரிந்தும் நாற்று சாய்ந்தால், வேறு விதை தேடுவதைவிட வேறு மண்கலவையைத் தேடுவதே தக்கது.

இப்போது பச்சை நிறத்துக்கு வருவோம். பெனிசிலியம் பச்சை. ஆஸ்பெர்ஜில்லசில் ஒரு வகையும் மஞ்சட்பச்சை. விதையையும் வேரையும் காக்கும் டிரைக்கோடெர்மாவும் பச்சை. வெறுங்கண்ணுக்கு மூன்றும் ஒன்றே. ‘பச்சைப் பூசணம்’ என்று எழுதிக் கடந்துவிட்டால் பகையும் நட்பும் ஒரே பெயரில் அடங்கிவிடும். காளான் வளர்ப்போருக்கோ டிரைக்கோடெர்மாவே பெரும்பகை. அவர்தம் வளர்ப்புப் பைகளில் அது புகுந்தால் விளைச்சல் போயிற்று. நன்மை தீமை என்பன அவ்வுயிரின் பெயருக்குள் இல்லை. அது எவ்விடத்தில் இருக்கிறது என்பதில் உள்ளன.

டிரைக்கோடெர்மா என்னும் பேரினத்துக்கு 1794இல் பெர்சூன் பெயரிட்டார். அது பிற பூசணங்களை இரையாக்கும் என்பதை 1932இல் வைண்ட்லிங் விளக்கினார். தமிழ்நாட்டு உழவர்கள் அதனை டிரைக்கோடெர்மா விரிடி என்ற பெயரில் அறிவர். கடையில் கேட்பதும் அப்பெயர் சொல்லியே. 1999இல் டிரைக்கோடெர்மா அஸ்பெரெல்லம் என்றொரு சிற்றினம் பிரித்துரைக்கப்பட்டபின், விரிடி என்று வழங்கிவந்த பயன்பாட்டு வகைகள் பல உண்மையில் அஸ்பெரெல்லமே எனத் தெரிந்தது. பொதியின்மேல் இருபெயரில் எது காணப்பட்டாலும் வியப்படைய வேண்டியதில்லை. பெயர் மாறியது, பொதிக்குள் இருந்த உயிர் மாறவில்லை.

இது எவ்வாறு வெல்கிறது? ஒரு வழியால் மட்டும் அன்று. முதலாவது வேகம்: தக்க வெப்பத்தில் 9 சென்றிமீட்டர்த் தட்டை மூன்று முதல் ஐந்து நாளுக்குள் நிரப்பிவிடும், பகைப்பூசணம் கண்விழிக்குமுன் இடமும் உணவும் தீர்ந்துபோகும். இரண்டாவது நேரடித் தாக்கு: பகையின் இழையைக் கொடிபோல் சுற்றி, அதன் சுவரிலுள்ள கைட்டினையும் குளுக்கனையும் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, உள்ளே புகுந்து உண்ணும். மூன்றாவது, பகையின் வளர்ச்சியைத் தடுக்கும் வேதிப்பொருள்கள். நான்காவது, வேரைத் தொட்டவுடன் செடியின் சொந்தத் தற்காப்பையே விழிப்படையச் செய்தல். சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்னும் பாக்டீரியாவும் இத்தகைய காவல் புரிவதே. அது பூசணம் அன்று என்பதால் அதன் முறை சற்றே வேறு.

இவ்வலிமையை அளக்க எதிர்வளர்ப்புச் சோதனை உள்ளது. உருளைக்கிழங்குச் சாறும் டெக்ஸ்ட்ரோசும் அகாரும் சேர்ந்த ஊட்டத் தட்டின் ஒரு புறம் நோய்ப்பூசணத் துண்டையும் எதிர்ப்புறம் டிரைக்கோடெர்மாத் துண்டையும் வைப்பர். இன்னொரு தட்டில் நோய்ப்பூசணம் மட்டும். சில நாளுக்குப்பின் வளர்ச்சியை அளந்தால், தனியாக வளர்ந்தது 80 மில்லிமீட்டர், எதிரியோடு வளர்ந்தது 28 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். குறைவு 52, அதனை 80ஆல் வகுத்து 100ஆல் பெருக்க 65. தடுப்பு 65 விழுக்காடு. எளிய கணக்கு. ஆனால் தட்டில் வென்றது மண்ணிலும் வெல்லும் என்பதற்கு இது சான்றாகாது. தட்டில் மழையில்லை, வேறு உயிர்களின் போட்டியில்லை.

வெப்பநிலையும் கருதத்தக்கது. டிரைக்கோடெர்மா வகைகள் பல 25 முதல் 30 பாகை வரையில் நன்கு வளர்வன. மலையின் இரவுக் குளிரில் அவற்றின் வேகம் தளரும். வேகமே அவற்றின் முதற்படைக்கலம் என்பதை மேலே கண்டோம். ஆகவே சமவெளியில் தேர்ந்த வகையைக் கொண்டுவந்து தூவுவதினும், இம்மலை மண்ணிலிருந்தே ஒன்றைப் பிரித்தெடுத்துத் தேர்வது பொருத்தமாகும். புளிப்பு மண்ணை டிரைக்கோடெர்மா விரும்பும். தேயிலை மண் புளிப்பு மண்.

விதை நேர்த்திக்குக் கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை நெடுநாளாக வழக்கில் உள்ளது: ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடித் தூள் 4 கிராம், அல்லது சூடோமோனாஸ் புளோரசன்ஸ் தூள் 10 கிராம். விதையைச் சற்றே ஈரமாக்கித் தூளைப் பூசி நிழலில் உலர்த்தி உடனே விதைப்பர். வெயிலில் உலர்த்தினால் பூசிய உயிர் மடியும். கார்பென்டசிம் என்னும் பூசணக்கொல்லியோடு கலந்தாலும் மடியும். டிரைக்கோடெர்மாவும் பூசணமே என்பதைக் கொல்லி அறியாது. பழைய தூளும் பயன்படாது. உயிர்வழிக் கட்டுப்பாட்டைக் கைவிட்டவர் பலர் ‘அது வேலை செய்யவில்லை’ என்பர். அவர்களுள் எத்தனை பேர் உயிருள்ள தூளைப் பூசினர் என்பது தனிக்கேள்வி.

இம்முறையின் எல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேற்பரப்பில் ஒட்டியதையும் மண்ணில் காத்திருப்பதையும் எதிர்உயிரி தடுக்கும். விதையுறைக்குள் ஆழ உறங்கும் இழையை அது எட்டுவது அரிது. அங்கே வெந்நீரே துணை. 1880களில் டென்மார்க்கின் யென்சன் தானியங்களுக்கெனக் கண்ட முறை அது. முட்டைக்கோசு விதைக்கு 50 பாகை நீரில் 25 நிமிடம். பூக்கோசுக்கு 20 நிமிடம். சில பாகை ஏறினால் விதை சாகும். சில பாகை இறங்கினால் பூசணம் பிழைக்கும். எடுத்தவுடன் குளிர்நீரில் ஆற்றி உலர்த்துதல் வேண்டும். பழைய விதை இதனைத் தாங்காது; மேற்பூச்சிட்ட விதைக்கு இது கூடாது. வெந்நீரால் உள்ளிருப்பதை ஒடுக்கி, ஆறி உலர்ந்தபின் டிரைக்கோடெர்மா பூசி வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது இரண்டையும் இணைக்கும் வழி. வரிசை மாறினால் பூசியது வெந்துபோகும்.

தோட்டத் தமிழில் ‘மருந்து அடித்தல்’ என்கிறோம். அதே குவளையின் மலாய்ச் சிட்டையில் ‘ராச்சுன் குலாட்’ என்றிருக்கும். ராச்சுன் என்றால் நஞ்சு. ஒரே பொருள் ஒரு மொழியில் மருந்து, ஒரு மொழியில் நஞ்சு. பூசணக்கொல்லி என்னும் நூல்வழக்கு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. சொல்லே நடத்தையைத் தீர்மானிக்கிறது என்று கூற வரவில்லை. மொழியியலார் அவ்வளவு எளிதில் அவ்வாறு கூறார். மருந்து என்னும் சொல்லை நம் மக்கள் விடவும் வேண்டா. ஆனால் மருந்து என்றால் அதற்குமுன் நோயறிதல் உண்டு. நாடி பாராமல் மருந்து கொடுப்பவரை வைத்தியர் என்று தமிழர் எவரும் மதித்ததில்லை. நாற்று சாய்ந்த காரணம் அறியாமல் வாரந்தோறும் அடிப்பது அச்சொல்லின் பொருளுக்கே புறம்பானது. அடித்ததில் மிச்சம் மழையோடு சரிவிறங்கிப் பெர்த்தாம் ஆற்றையும் ரிங்லெட் நீர்த்தேக்கத்தையும் நோக்கிச் செல்கிறது. முகமூடியின்றி அடிப்பவர் நுரையீரலுக்குச் செல்வதும் உண்டு. அவர் பெரும்பாலும் தோட்ட முதலாளி அல்லர்.

உயிரைக் கொண்டு உயிரைத் தடுத்தல் இம்மலைக்குப் புதிதன்று. முட்டைக்கோசை அரிக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுவைத் தடுக்க, டையடெக்மா என்னும் ஒட்டுண்ணிக் குளவி 1970களில் கேமரன் மலைக்குக் கொண்டுவரப்பட்டது. பூச்சிக்கொல்லி மிகுதியாகத் தெளித்த இடங்களில் குளவியும் சேர்ந்து மடிந்தது. புழுவை மட்டும் கொல்லும் பாக்டீரியாத் தயாரிப்புக்கு மாறி, கடுங்கொல்லிகளைக் குறைத்த இடங்களிலேயே அது நிலைகொண்டது. டிரைக்கோடெர்மாவுக்கும் கார்பென்டசிமுக்கும் உள்ள உறவு இதனினும் வேறன்று.

பள்ளியில் இச்சோதனையைச் செய்ய விரும்பும் ஆசிரியர்க்குச் சில குறிப்புகள் எஞ்சியுள்ளன. கடையில் வாங்கிய விதை இளஞ்சிவப்பு, நீலம், பச்சை ஆகிய நிறங்களில் இருந்தால் அது தைராம் போன்ற பூசணக்கொல்லி பூசியது. மாணவர் அதனைத் தொடுதல் கூடாது. தொட்டாலும் பயனில்லை, தட்டில் ஒன்றும் பூக்காது. வீட்டுத் தோட்டத்தில் பழுத்த மிளகாயின் விதை, முற்றிய பயற்றங்காயின் விதை, கொத்தமல்லி ஆகியவை ஏற்றவை. அழுகற்புள்ளியுள்ள மிளகாயிலிருந்து ஒரு பங்கும் புள்ளியற்றதிலிருந்து ஒரு பங்கும் எடுத்து ஒப்பிட்டால் வேறுபாடு கண்கூடு.

தட்டின் மூடியில் விதையின் பெயர், எடுத்த இடம், கழுவியதா கழுவாததா, வைத்த நாள் ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். கண்டதைக் குறிக்கும்போது ‘பூசணம் இருந்தது’ என்றெழுதி நிறுத்தாமல், நிறம், வித்தியின் வடிவம், தனித்ததா சரமா, விதையின் எப்பகுதியில் என்பவற்றையும் தமிழிலேயே எழுதச் செய்யலாம். பெயர் பின்னர் வந்து சேரட்டும். தட்டை மூக்கருகே திறத்தல் கூடாது. வித்திகள் மூச்சோடு செல்லும். பார்த்து முடித்த தட்டுகளைத் திறவாமல் கொதிநீரில் அரைமணி நேரம் இட்டபின்னரே அகற்ற வேண்டும். கண்ணாடித் தட்டாயின் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். டிரைக்கோடெர்மா வளர்ந்த தட்டுக்கும் இதே விதிதான்.